முன்பின் தெரியாதவர்களிடம் தொழில் ஆலோசனை: எதுவரை நம்பலாம்?

#1 ஊசிநூல்

எல்லோருக்கும் வணக்கம். துணிப்பை தைத்துக் கடைகளுக்கு மொத்தமாகக் கொடுக்கும் சின்னத் தொழில் என்னுடையது. என்னோடு சேர்த்து ஐந்து பேர். இப்போது கிளைகள் பல உள்ள ஒரு பெரிய நிறுவனம் மாதம் 1,500 பை கேட்கிறது. நிபந்தனை இரண்டு: வழக்கமான விலையில் 20 சதவீதம் குறைக்க வேண்டும், சரக்கு கொடுத்த 60 நாளில்தான் பணம்.

இதை வேறோர் இடத்தில் கேட்டுப் பார்த்தேன். பாதிப் பேர் "யோசிக்காமல் கையெழுத்துப் போடுங்கள்" என்றார்கள். மீதிப் பாதி "ஓடி விடுங்கள்" என்றார்கள். இரண்டு பக்கமும் அனுபவசாலிகள் மாதிரிதான் பேசுகிறார்கள். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது? அதைவிட, இப்படி முகம் தெரியாதவர்களிடம் தொழில் விஷயம் கேட்பதே சரியா? எனக்குத் தெரிந்த வட்டத்தில் தொழில் செய்கிறவர் யாருமில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

#2 எதிர்க்காற்று

சரியில்லை. சொல்கிறவருக்கு இதில் நட்டமே கிடையாது. உங்கள் தொழில் மூழ்கினால் அவர் அடுத்த விவாத இழைக்குப் போய் அதே ஆலோசனையை இன்னொருவருக்குச் சொல்வார். பணம் கொடுத்து ஒரு கணக்காளரைப் பாருங்கள். முடிந்தது.

#3 பழைய அச்சகம்

எதிர்க்காற்று தம்பி எப்போதும் இப்படித்தான், ஆனால் அவரே இங்கு தினமும் வந்து பதில் எழுதுவார் என்பதையும் கவனியுங்கள் அம்மா.

அச்சகம் நடத்துகிறேன். என் அனுபவத்தில், தெரியாதவர்களிடம் கேட்டு மிகவும் நன்றாகக் கிடைத்தவை சில உண்டு. இந்த இயந்திரத்தில் எந்தப் பாகம் முதலில் தேயும், மை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும், ஒப்பந்தத்தில் எந்த வரியைப் படிக்காமல் விட்டால் பின்னால் கடிக்கும், இவையெல்லாம். அடிபட்டவர் சொல்வார், அதே அடி பட்ட இன்னொருவர் வந்து ஆமாம் என்பார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

"செய்யலாமா, வேண்டாமா" என்று கேட்டால் மட்டும் கதை வேறு. அதற்குப் பதில் சொல்கிறவர் உங்கள் தொழிலைப் பார்த்துச் சொல்வதில்லை, தன் தொழிலை நினைத்துக்கொண்டு சொல்கிறார். பெரிய ஆர்டர் எடுத்து மேலே வந்தவர் எடு என்பார், அதே மாதிரி ஆர்டரில் மாட்டியவர் ஓடு என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆகவே "நான் என்ன செய்ய" என்று கேட்காமல் "உங்களுக்கு என்ன ஆயிற்று" என்று கேட்டுப் பாருங்கள். வருகிற பதிலின் தரமே மாறும்.

#4 கணக்குப்பிள்ளை

ஊசிநூல் அக்கா, அந்த இடத்தில் நீங்கள் போட்ட கேள்வியையே இங்கும் போட்டிருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் பாதிக்குப் பாதி பிரிந்ததில் ஆச்சரியமே இல்லை. காய்ச்சல் என்று மட்டும் சொல்லி மருந்து கேட்டால் ஆளுக்கு ஒரு மாத்திரைதான் வரும். கேள்வியில் ஓர் எண் இல்லை. ஒரு பைக்கு உங்களுக்கு ஆகும் செலவு எவ்வளவு? வாடகை, இயந்திரத் தவணை எல்லாம் வேண்டாம். ஒரு பை கூடுதலாகத் தைத்தால் கூடுதலாக ஆகும் செலவு: துணி, நூல், தையல் கூலி, வண்டிக் கூலி.

இப்போதைய விலை 100 என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பணத்திலும் வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு மாறாது.

செலவு 60 என்றால் ஒரு பைக்கு 40 நிற்கும். 20 சதவீதம் தள்ளினால் விலை 80, நிற்பது 20. தள்ளுபடி 20 சதவீதம்தான், கையில் நிற்பதோ பாதியாகிவிட்டது. முன்பு வந்த அதே தொகை வர இரண்டு மடங்கு பை தைக்க வேண்டும்.

செலவு 75 என்றால் 25 நின்ற இடத்தில் 5 நிற்கும். ஐந்து மடங்கு தைக்க வேண்டும். செலவு 82 என்றால் ஒவ்வொரு பைக்கும் நீங்கள் அவர்களுக்கு 2 கொடுத்து அனுப்புகிறீர்கள். 1,500 பை என்பது அப்போது நல்ல செய்தியே இல்லை.

"கையெழுத்துப் போடு" என்றவர் மனதில் செலவு 40 என்று இருந்திருக்கும், "ஓடு" என்றவர் மனதில் 80. இரண்டு பேரும் தங்களுக்குள் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆகவே யாரை நம்புவது என்று பார்ப்பதற்கு முன்னால் இந்த எண்ணைக் கண்டுபிடியுங்கள்.

அடுத்தது 60 நாள். இதைப் பலர் வட்டிச் செலவு என்று மட்டும் நினைக்கிறார்கள். பெரிய ஆபத்து வேறு. செலவு 60, மாதம் 1,500 பை என்றால் மாதம் 90,000 போட வேண்டும். முதல் மாதம் தைத்து மாதக் கடைசியில் சரக்கு அனுப்புகிறீர்கள். அதற்கான 1,20,000 மூன்றாம் மாதக் கடைசியில் வருகிறது. அதற்குள் மூன்று மாதச் செலவு, 2,70,000, உங்கள் கையிலிருந்து போயிருக்கும். அவர்கள் ஒரு மாதம் இழுத்தால் 3,60,000. ஏட்டில் மாதாமாதம் 30,000 லாபம் தெரியும், கூலி கொடுக்கக் காசு இருக்காது. ஆர்டர் இல்லாமல் மூடிய தொழில்களைப் போலவே ஆர்டர் அதிகமாகி மூடிய தொழில்களும் உண்டு.

#5 தராசுமுள்

எதிர்க்காற்று அண்ணா சொல்வதை நான் ஏற்கவில்லை. ஒருவர் சொல்வது தப்பாகலாம், நிறையப் பேரிடம் கேட்டால் சராசரி சரியாக வரும். ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1907இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதியது இருக்கிறதே. இங்கிலாந்தின் பிளிமத் நகரில் ஒரு கால்நடைக் கண்காட்சி. ஒரு மாட்டைக் காட்டி, வெட்டித் தோல் உரித்தால் இறைச்சி எவ்வளவு தேறும் என்று போட்டி வைத்தார்கள். படிக்கும்படி இருந்த சீட்டுகள் 787. அவற்றை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மதிப்பு 1,207 பவுண்டு, உண்மை எடை 1,198. ஒரு சதவீதம்கூடத் தப்பவில்லை. கூட்டத்துக்குத் தனி ஆளைவிட அறிவு உண்டு.

#6 எதிர்க்காற்று

தம்பி, அந்தக் கட்டுரையை முழுக்கப் படியுங்கள். சீட்டு ஒன்றுக்கு ஆறு பென்னி கட்டணம். விளையாட்டுக்கு எழுதுகிறவர்களை அந்தக் கட்டணம் ஒதுக்கிவிட்டது என்று கால்டனே சொல்கிறார். சரியாகச் சொன்னால் பரிசும் உண்டு. எழுதியவர்களில் கசாப்புக்காரர்களும் விவசாயிகளும் இருந்தார்கள். அதைவிட முக்கியம், ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிப் போட்டார்கள், அடுத்தவர் சீட்டு கண்ணில் படவில்லை.

இங்கே என்ன நடக்கிறது? கட்டணம் கிடையாது. முதல் பதிலைப் படித்துவிட்டு இரண்டாமவர் எழுதுகிறார். முதல் பதிலுக்கு நிறைய விருப்பக்குறி விழுந்தால் மூன்றாமவர் அதே பக்கம் சாய்கிறார். இது 787 சீட்டு இல்லை, ஒரு சீட்டின் 787 நகல்.

#7 பழைய அச்சகம்

இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஒரே கேள்வியை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று இடங்களில் கேளுங்கள். தையல் தொழில்காரர்கள் இருக்கும் இடத்தில் ஒன்று, வாங்கி விற்பவர்கள் இருக்கும் இடத்தில் ஒன்று. ஊசிநூல் அம்மாவுக்கு இரண்டாவதுதான் பலன் தரும் என்பது என் எண்ணம். பெரிய கடைகளுக்குக் கொள்முதல் செய்து பழகிய ஒருவர் அகப்பட்டால், அந்த 20 சதவீதமும் 60 நாளும் உறுதியான நிபந்தனையா, பேசிப் பார்க்கப் போட்ட முதல் எண்ணா என்று சொல்லிவிடுவார்.

#8 கொள்முதல்

கூப்பிட்டது மாதிரி வந்துவிட்டேன். ஒரு பெரிய விற்பனை நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் இருந்தவன். சின்ன உற்பத்தியாளரிடம் முதலில் சொல்லும் எண் பெரும்பாலும் பேசுவதற்காகச் சொல்வதுதான். விலையில் பிடிவாதமாக இருப்போம், ஏனென்றால் மேலதிகாரி கேட்பது அதைத்தான். பணம் கொடுக்கும் நாளைக் குறைப்பது பல சமயம் சுலபமாக நடக்கும், ஆனால் அது கணக்குப் பிரிவின் கையில். விலைக்கு ஒப்புக்கொண்டு நாளைக் குறைக்கக் கேட்கிறவர்களுக்குக் கிடைத்துப் பார்த்திருக்கிறேன். துணிக்கு மட்டும் முன்பணம் கேட்டு வாங்கியவர்களும் உண்டு. எல்லா நிறுவனமும் இப்படி என்று சொல்ல மாட்டேன்.

#9 புதுவரவு

10 நாளில் பணம் கொடுத்தால் 2 சதவீதத் தள்ளுபடி என்று சொல்லிப் பாருங்களேன். வணிகப் பாடத்தில் படித்தது.

#10 கணக்குப்பிள்ளை

நல்ல யோசனை, ஆனால் நாளைச் சேர்த்துப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் வருவது 30 நாள் தவணைக்கு. அங்கே 20 நாள் முன்னால் பணம் வருவதற்காக 2 சதவீதம் விடுகிறோம். ஆண்டுக் கணக்கில் அது ஏறக்குறைய 37 சதவீத வட்டி. அக்காவுக்கு 60 நாள் தவணை. 50 நாள் முன்னால் வருகிறது, ஆண்டுக்குச் சுமார் 15 சதவீதம். வெளியில் கடன் வாங்கினால் இதைவிட அதிகம் ஆகுமா குறைவாக ஆகுமா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரி இழைகளில் அடிக்கடி காண்பது. "நான் 40 சதவீதம் வைக்கிறேன்" என்பார்கள். செலவு 60 என்றால், செலவின் மேல் 40 சதவீதம் வைப்பவர் 84க்கு விற்கிறார். விற்பனை விலையில் 40 சதவீதம் நிற்க வேண்டும் என்பவர் 100க்கு விற்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் ஆமாம் போட்டுக்கொண்டிருப்பார்கள். சதவீதம் சொன்னவரிடம் எதன் மேல் என்று கேட்காமல் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளாதீர்கள்.

#11 ஊசிநூல்

நிறைய விளங்குகிறது, எல்லோருக்கும் நன்றி. எண்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதற்கிடையில் ஒரு சந்தேகம். அந்த நிறுவனத்துக்குப் பிடித்ததே நான் புதிதாகச் செய்த ஒரு மடிப்புதான். ஒரே இழுப்பில் பை சின்ன உறையாகிவிடும், பொத்தான், ஜிப் எதுவும் வேண்டாம். படமும் வெட்டு அளவும் இங்கே போட்டால் தையல் செலவு குறைக்க யாராவது வழி சொல்வீர்களா?

#12 திருகாணி

போடாதீர்கள்! தயவுசெய்து போடாதீர்கள்.

காப்புரிமைக்கு (பேடன்ட்) புதுமை வேண்டும். விண்ணப்பிக்கும் நாளுக்கு முன்பே பொதுவெளியில் வந்தது எதுவும் புதுமை ஆகாது, போட்டது நீங்களேயானாலும். ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 54ஆம் பிரிவு இதில் மிகக் கண்டிப்பு. அமெரிக்காவில் கண்டுபிடித்தவருக்கு ஓராண்டு சலுகைக் காலம் உண்டு. மற்ற நாடுகளில் விதம் விதமாக இருக்கிறது. இணையத்தில் யாரும் படிக்கக்கூடிய இடத்தில் ஒரு படம் போட்டாலே வெளியிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

தொழில் ரகசியமாக வைத்துக்கொள்வதற்கும் இதே கதி. 1995இல் நடைமுறைக்கு வந்த, அறிவுசார் சொத்துரிமை பற்றிய டிரிப்ஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் 39ஆம் பிரிவு, ரகசியமாகக் காக்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும் என்கிறது. நாமே ஊருக்குக் காட்டிவிட்டால் அதற்குப் பிறகு ரகசியம் ஏது?

உங்கள் மடிப்புக்குக் காப்புரிமை கிடைக்குமா, வடிவமைப்புப் பதிவு போதுமா என்பதைத் தகுதி பெற்ற காப்புரிமை முகவரிடம் கேளுங்கள். சரக்கு அந்த நிறுவனத்துக்குக் காட்டியாயிற்று என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். யாருக்கு, எப்படிக் காட்டினீர்கள் என்பது முக்கியமாகலாம்.

#13 எதிர்க்காற்று

இதில் திருகாணியோடு முழுக்க ஒத்துப்போகிறேன். வாங்கும் நிறுவனத்தின் பெயரையும் எங்கும் எழுதாதீர்கள். விலை பேசிக்கொண்டிருக்கும்போது எதிர்ப்பக்கத்துக்காரர் இதைப் படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டே எழுத வேண்டும். உங்கள் செலவு எண் அவர் கையில் கிடைத்தால் பேரம் அங்கேயே முடிந்துவிடும். எண்ணை ஒரே விகிதத்தில் பெருக்கியோ சுருக்கியோ போடுங்கள். கணக்குப்பிள்ளை 100 என்று வைத்தாரே, அப்படி.

#14 மட்டுறுத்துனர்

இங்கிருந்த ஒரு பதிவு நீக்கப்பட்டது. "உங்கள் பிரச்சினைக்குத் தீர்வு என்னிடம் உள்ளது, உள்பெட்டிக்கு வாருங்கள்" என்ற வகை. இதே வரியை அதே நபர் வேறு சில இழைகளிலும் ஒட்டியிருந்தார். ஆலோசனையைப் பொதுவில் சொல்லுங்கள், தப்பு இருந்தால் மற்றவர்கள் திருத்துவார்கள். உள்பெட்டியில் திருத்த ஆள் கிடையாது.

#15 தராசுமுள்

பழைய இழைகளைத் தேடிப் படிப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே? கேட்டதை யாரோ ஏற்கெனவே கேட்டிருப்பார்கள்.

#16 திருகாணி

படிக்கலாம், ஆனால் தேதியைப் பார்த்து. செலவுக் கணக்கு, கடன் தவணை பற்றிய பேச்சு பத்து ஆண்டு ஆனாலும் கெடாது. இணைய விளம்பரம் பற்றியது சீக்கிரம் கெட்டுவிடும். 2021 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம், ஐபோன் செயலிகள் பயனரைப் பின்தொடர அனுமதி கேட்டே ஆக வேண்டும் என்று மாற்றியது. ஃபேஸ்புக்கின் மெட்டா நிறுவனம் 2022இல் இதனால் தனக்கு ஏறக்குறைய 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று கணித்தது. அதற்கு முன்னால் "இவ்வளவு போட்டால் இவ்வளவு வரும்" என்று எழுதியவர் அன்றைக்கு உண்மையைத்தான் சொன்னார். இன்றைக்கு அது உதவாது.

பழைய இழையில் நான் முதலில் தேடுவது, கேட்டவர் திரும்பி வந்து என்ன ஆயிற்று என்று எழுதியிருக்கிறாரா என்பதைத்தான். அப்படி ஒரு பதிவு இருந்தால் மற்ற பதில்களையெல்லாம் அதை வைத்தே எடைபோடலாம். துரதிர்ஷ்டம், பத்தில் ஒன்றில்கூட இருக்காது போலிருக்கிறது.

#17 ஊசிநூல்

எண்கள் இதோ, எதிர்க்காற்று சொன்னபடி விலையை 100 ஆக்கி மற்றதையும் அதே விகிதத்தில் மாற்றிவிட்டேன்.

ஒரு பைக்குக் கூடுதலாக ஆகும் செலவு: 66. இப்போதைய ஆட்களையும் இயந்திரங்களையும் வைத்து மாதம் இன்னும் 600 பை தைக்க முடியும். 1,500 தைக்க வேண்டுமென்றால் இப்போது வாங்கும் சின்னக் கடைகள் சிலவற்றுக்கு நிறுத்த வேண்டியிருக்கும். கையிருப்பில் சுமார் 80,000 இருக்கிறது. ஆட்களின் சம்பளத்துக்கு ஒதுக்கியதைத் தொட மாட்டேன்.

#18 கணக்குப்பிள்ளை

அருமை அக்கா, இப்போது பேசலாம்.

விலை 80, செலவு 66, ஒரு பைக்கு 14 நிற்கும். சும்மா இருக்கும் இயந்திரத்தில் தைக்கும் 600 பைக்கு மாதம் 8,400 புதிதாக வரும். மீதி 900 பை சின்னக் கடைகளுக்குப் போக வேண்டியவை. அங்கே 34 நின்றது, இங்கே 14. ஒவ்வொன்றிலும் 20 போகிறது, மொத்தம் 18,000. ஆக முழு ஆர்டரையும் எடுத்தால் இன்றைய நிலையைவிட மாதம் 9,600 குறையும். வேலை மட்டும் கூடும்.

600 மட்டும் என்றால் மாதச் செலவு 39,600. 60 நாள் தவணையில் முதல் பணம் வருவதற்குள் 1,18,800 போட்டிருக்க வேண்டும். உங்கள் 80,000 போதாது. 30 நாள் என்றால் 79,200. கூலி கொடுக்கும் நாள் ஒன்று தள்ளினாலும் இடிக்கும். ஆகவே துணிக்கு முன்பணம் இல்லாமல் இது நடக்காது.

#19 கொள்முதல்

600 என்று போய்ப் பேசுவதில் தப்பில்லை. "சில கிளைகளுக்கு மட்டும் முதலில் தருகிறேன்" என்று சொல்லுங்கள், நிறுவனத்துக்கும் சோதித்துப் பார்த்த மாதிரி இருக்கும். ஆனால் 1,500க்குச் சொன்ன விலையை 600க்கும் தர வேண்டியதில்லை. அளவு குறைந்தால் தள்ளுபடியும் குறையும், இது அவர்களுக்கும் தெரியும். 90இல் ஆரம்பியுங்கள்.

#20 பழைய அச்சகம்

பணம் தாமதமானால் வட்டி என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போடச் சொல்லுங்கள். அதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள், ஒருவேளை 60 நாளே செல்லாமல் போகலாம். இந்தியாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்த குறு, சிறு நிறுவனங்களுக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும், ஒப்பந்தத்தில் வேறு எழுதியிருந்தாலும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 உத்தரவுப்படி நிறுவனங்களுக்கிடையே பொதுவாக 60 நாள்தான் எல்லை, இரு தரப்பும் வெளிப்படையாக வேறு ஒத்துக்கொண்டு, அது அநியாயமாக இல்லாதிருந்தால் மட்டும் கூடலாம். இந்த மாதிரி விஷயத்தில் எங்களைப் போன்றவர்கள் சொல்வதைக் கடைசிச் சொல்லாக எடுக்காதீர்கள். நாங்கள் சொல்வது நாங்கள் இருக்கும் நாட்டுக்குத்தான் பொருந்தும்.

#21 எதிர்க்காற்று

இப்போது கணக்காளரிடம் போகலாம். முன்பு போயிருந்தால் ஒரு மணி நேரம் உங்கள் தொழிலை அவருக்கு விளக்கவே போயிருக்கும், அதற்கும் கட்டணம் வாங்கியிருப்பார்.

#22 ஊசிநூல்

600 பை, விலை 90, துணிக்கு முன்பணம், மீதி 30 நாள் என்று கடிதம் அனுப்பியிருக்கிறேன். திங்கட்கிழமை பேசலாம் என்று பதில் வந்திருக்கிறது. மடிப்புக்கு முகவரிடம் நேரம் வாங்கிவிட்டேன்.

கொள்முதல் அண்ணா, அவர்கள் முன்பணத்துக்கு மறுத்தால் துணியை அவர்களையே வாங்கித் தரச் சொல்லி, தையல் கூலி மட்டும் நான் வாங்கலாமா? அப்படிக் கேட்பது வழக்கத்தில் உண்டா?

#23 கொள்முதல்

உண்டு. ஆனால் துணி அவர்களுடையது ஆகிவிட்டால் வீணாகும் துண்டுக்கும் கணக்குக் கேட்பார்கள். நூற்றுக்கு எத்தனை வீணாகலாம் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மடிப்பின் வெட்டு அளவும் அவர்கள் கைக்குப் போய்விடும், அதனால் முகவரைப் பார்த்துவிட்டு அப்புறம் இந்தப் பேச்சை எடுங்கள்.